"ஷுட் பி ஃபைன்" என்றால் நூற்றுக்கு எத்தனை?

வார்டுக்கிளி:

இங்கிலாந்துல இருக்கிறவங்க, இங்கிலீஷ் நல்லா தெரிஞ்சவங்க யாராவது பதில் சொல்லுங்க. சிரிக்கிறதுன்னா சிரிச்சுட்டே சொல்லுங்க, பரவாயில்ல.

நான் நர்ஸ். ஊர் நாகர்கோவில் பக்கம். யார்க்‌ஷயர்ல ஒரு ஆஸ்பத்திரியில எலும்பு வார்டுல பேண்ட் 5ஆ (புது நர்ஸுக்கான சம்பளப் படி) சேர்ந்து பதினாலு மாசம் ஆகுது. ஓஇடிங்கற மருத்துவ இங்கிலீஷ் பரீட்சையில நல்ல மார்க்தான். மருந்துப் பேரு, நோயாளி வலியைச் சொல்ற விதம், போன்ல வேகமா பேசுறது எல்லாம் பழகிட்டுது. ஆனா இவங்க ஒரு காரியம் நடக்கும், நடக்கலாம், நடக்காதுன்னு சொல்றாங்க பாருங்க, அதுல எவ்வளவு உறுதி இருக்குன்னு மட்டும் எனக்குப் பிடிபடவே மாட்டேங்குது.

ஜனவரியில வீட்டைச் சூடாக்குற பாய்லர் நின்னு போச்சு. பாய்லர் கம்பெனியில போன் எடுத்த பொண்ணு, "வீ ஷுட் பி ஏபிள் டு கெட் சம்ஒன் அவுட் ஆன் தர்ஸ்டே"ன்னா. "ஷுட்"னா "வேண்டும்"னுதானே படிச்சோம்? டாக்டர் "யூ ஷுட் ரெஸ்ட்"னா ஓய்வு எடுத்தே ஆகணும்ல? அப்போ வியாழக்கிழமை ஆள் அனுப்பியே ஆகணும்னு அவங்களுக்கு ஏதோ விதி இருக்கும் போலன்னு நெனச்சு, ஷிஃப்டை ஒருத்திகிட்ட கெஞ்சி மாத்தி, ரெண்டு ஸ்வெட்டரைப் போட்டுட்டு வாசலையே பாத்துட்டு இருந்தேன். ஒருத்தரும் வரல. மறுநாள் கேட்டா, கோபமே இல்லாம, ரொம்ப மரியாதையா, "வீ டிட் சே ஷுட்"ங்குறா.

வார்டுல சிஸ்டர் ஒருநாள், "யூ மைட் வாண்ட் டு ஹேவ் எ லுக் அட் பெட் ஃபோர்"னாங்க. கோச்சிங் சென்டர்ல போர்டுல ஒரு ஏணி வரைஞ்சு, மேல்படியில "சர்ட்டன்லி", நடுவுல "ப்ராபப்ளி", அடிப்படியில "மைட்"னு எழுதிப் போட்டிருந்தாங்க. அடிப்படிதானே, அவசரமில்லன்னு கையில இருந்த வேலையை முடிச்சுட்டு முக்கால் மணி நேரம் கழிச்சுப் போனேன். சிஸ்டர் முகத்தைப் பாக்கணுமே.

இதெல்லாம் போகட்டும். போன மாசம் ஒரு வயசான அம்மா, இடுப்பு ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டாம் நாள். ராத்திரி திடீர்னு சம்பந்தமில்லாம பேச ஆரம்பிச்சாங்க. யூரின் இன்ஃபெக்‌ஷனா இருக்கும்னு எனக்கு சந்தேகம். நோட்ஸ்ல "ஐ டவுட் யூரினரி இன்ஃபெக்‌ஷன்"னு எழுதிட்டு ஷிஃப்ட் முடிச்சுப் போயிட்டேன். காலையில வந்த டாக்டர் அதைப் படிச்சுட்டு, நைட் நர்ஸ் இன்ஃபெக்‌ஷன் இல்லன்னு சொல்லிட்டாங்கன்னு வேற காரணம் தேடப் போயிட்டாரு. யூரின் சாம்பிள் அனுப்புனது சாயங்காலம்தான். அந்த அம்மாவுக்கு ஒண்ணும் ஆகல, நல்லாகி வீட்டுக்கும் போயிட்டாங்க. எனக்குத்தான் நாலு நாள் தூக்கம் இல்ல.

இந்த வார்த்தைகளுக்கெல்லாம் ஏதாவது அளவு உண்டா? இல்ல இவங்களும் குத்துமதிப்பாதான் பேசிக்கிறாங்களா?

சும்மா வந்தவன்:

எங்க மேஸ்திரி "நாளைக்கு முடிஞ்சிரும்"பார். அதுக்கு "ஷுட்" எவ்வளவோ தேவலை.

ஓய்வு வாத்தியார், கும்பகோணம்:

அம்மா, முதலில் ஒன்று. உங்கள் இலக்கணத்தில் பிழையில்லை. ஏணி வரைந்தவர் மேல்தான் எனக்குக் கோபம். முப்பத்தோரு வருடம் நானும் அதே ஏணியைக் கரும்பலகையில் வரைந்தவன் என்பதால் கோபப்பட எனக்கு உரிமையும் உண்டு.

"ஷுட்" உங்களுக்குப் புதிதே அல்ல. பேருந்து நிலையத்தில் உங்கள் அம்மா, "இந்நேரம் வண்டி வந்திருக்கணுமே" என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்த "ணும்" ஓட்டுநருக்கு இட்ட கட்டளையா? கால அட்டவணைப்படி, வழக்கப்படி நடந்தால் வண்டி வந்திருக்கும் என்ற கணக்கு. ஆங்கில "ஷுட்"டும் அப்படித்தான். எல்லாம் ஒழுங்காகப் போனால் வியாழன் வருவார்கள். ஒழுங்காகப் போகும் என்று அந்தப் பெண் சொல்லவில்லை. தமிழில் அந்த வாக்கியத்தைச் சொல்லும்போதே குரலில் ஒரு கவலை ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலேயர் அதையே சிரித்த முகத்தோடு சொல்வதால் வாக்குறுதி போலக் கேட்கிறது.

"மஸ்ட்"டும் நமக்குப் பழகியதுதான். "கதவு தட்டுறாங்க, பால்காரராத்தான் இருக்கணும்" என்போம். ஆனால் இதன் எதிர்மறையில் பிள்ளைகள் விழுவார்கள். "அவராக இருக்காது" என்பதற்கு "மஸ்ட் நாட் பி" என்று எழுதி வைப்பார்கள். அங்கே வர வேண்டியது "கான்ட் பி". அதே கதவுச் சத்தத்துக்கு ஆங்கிலேயர் "தட்'ல் பி த போஸ்ட்மேன்" என்றும் சொல்வார்கள். எதிர்காலம் என்று நினைத்துவிடாதீர்கள். தபால்காரர் இப்போதே வாசலில் நிற்கிறார். நம்முடைய "அவராத்தான் இருக்கும்" எப்படியோ அப்படி.

சிஸ்டர் சொன்ன "மைட் வாண்ட் டு" நிகழ்தகவுக் கணக்கிலேயே சேராது. அது மரியாதை உடுத்திய கட்டளை. "அந்த நாலாம் பெட்டைக் கொஞ்சம் பாத்துடறீங்களா" என்று நம் ஊர் தலைமை நர்ஸ் சொன்னால் பார்க்காமல் இருப்பீர்களா?

இனி "டவுட்". குற்றவாளி நம் "சந்தேகம்" என்ற சொல்தான். "அவன் வருவானா என்பது சந்தேகம்" என்றால் வரமாட்டான் என்ற பக்கம் சாய்கிறோம். "அவன்தான் எடுத்திருப்பானோ என்று சந்தேகம்" என்றால் எடுத்தான் என்ற பக்கம் சாய்கிறோம். ஒரே சொல்லை இரண்டு பக்கமும் வைத்து ஓட்டிவிடுகிறோம். ஆங்கிலத்தில் முதலாவது "டவுட்", இரண்டாவது "சஸ்பெக்ட்". நீங்கள் எழுத நினைத்தது "ஐ சஸ்பெக்ட்". இந்தத் தவற்றை எம்.ஏ. படித்தவர்களும் செய்வதைப் பார்த்திருக்கிறேன், மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. "இது உடையலைன்னு நினைக்கிறேன்" என்று இல்லாமையை உடைவதோடு வைப்போம். அவர்கள் அதை நினைப்பின் மேல் தூக்கி வைப்பார்கள்: "ஐ டோன்ட் திங்க் இட்ஸ் ப்ரோக்கன்." நாம் நம் வரிசைப்படி "ஐ திங்க் இட்ஸ் நாட் ப்ரோக்கன்" என்றால் தவறில்லை, ஆனால் யாரையோ மறுத்துப் பேசுகிறோமோ என்று அவர்கள் காதில் விழும்.

"மே"க்கும் "மைட்"டுக்கும் இவ்வளவு சதவீதம் வித்தியாசம் என்று சொல்லும் புத்தகங்களை நம்பாதீர்கள். வீட்டுப் பேச்சில் "மைட்"தான் பெரும்பாலும் புழங்குகிறது. எடை அதை அழுத்தும் விதத்தில் இருக்கிறது. "ஹீ மைட் கம்" என்று "மைட்"டை அழுத்தி, குரலைக் கீழே இறக்கி லேசாக ஏற்றினால், வந்தாலும் வருவான், நம்பி இலை போடாதே என்று பொருள். கூட "வெல்" சேர்ந்து "மைட் வெல்" ஆனால் பாதியைத் தாண்டிவிடும். அதையே "வீ மைட் ஆஸ் வெல் கோ ஹோம்" என்றால் இந்தக் கணக்கே இல்லை. வேறு வழியில்லை, வீட்டுக்குப் போகலாம் என்று அலுத்துக்கொள்வது.

வார்டுக்கிளி:

சார், "இந்நேரம் வந்திருக்கணுமே" படிச்சதும் எங்கம்மா குரலே கேட்டுச்சு. நீங்க சொன்ன அந்த மைட் விஷயத்துல இன்னொண்ணு: மழை வருமான்னு கேட்டா "மைட் டூ"ன்னு சொல்லி முடிச்சுக்கிறாங்க. "செய்"னு அர்த்தம் வர்ற அந்த "டூ" எதுக்குன்னு ரொம்ப நாள் முழிச்சேன்!

ஈஸ்ட்ஹாம் அப்பு:

பிள்ளை, வாத்தியார் சொன்னது எல்லாம் சரி. நான் புத்தகத்தில படிச்ச ஆள் இல்லை. கிழக்கு லண்டனில ஒரு பெற்றிங் கடையில, அதாவது பந்தயம் கட்டுற கடையில, 1999 தொடக்கம் 2017 மட்டும் கவுண்டருக்குப் பின்னால நிண்டனான். என்ர மனுசிக்கு இண்டைக்கும் அது வெக்கம். ஆரும் கேட்டால் "இவர் பைனான்சில இருந்தவர்" எண்டுதான் சொல்லுவா.

நான் அங்க நிண்டு கண்டது இதுதான். இந்தச் சனம் காசு வைக்காத இடத்தில "ஷுட்", "மைற்", "ஐ டெயார் சே" எண்டு புகை மாதிரிக் கதைப்பினம். காசை மேசையில வைச்ச உடன அதே வாய் கணக்கு வாத்தியாரின்ர வாய் மாதிரி ஆகிவிடும். எழுதப் படிக்கத் தடுமாறுற ஒரு கிழவர் வருவார். "இலெவன் ரு ஃபோர்" எண்டால் தன்ர ஆறு பவுணுக்கு என்ன வரும் எண்டு நான் மெஷினைத் தட்ட முதலே சொல்லிப்போடுவார்.

கணக்கு லேசு. 5/2 எண்டால் இரண்டு பவுண் வைச்சு வெண்டால் ஐஞ்சு பவுண் லாபம். ஐஞ்சையும் இரண்டையும் கூட்டினால் ஏழு. ஏழில இரண்டு பங்கு, நூற்றுக்கு 28, 29 வரும். "ஈவன்ஸ்" எண்டால் பாதிக்குப் பாதி. அதுக்கு மேல வெல்லுற குதிரைக்கு "ஒட்ஸ் ஒன்". கடைக்காரன் தன்ர பங்கையும் உள்ளுக்கு வைச்சுத்தான் விலை போடுவான். ஒரு ஓட்டத்தில ஓடுற எல்லாக் குதிரையின்ர பங்கையும் கூட்டிப் பாத்தால் நூறைத் தாண்டும். என்ர சம்பளம் அதுக்குள்ளதான் இருந்தது.

தெருக்கடையில பந்தயம் கட்டுறது இஞ்ச சட்டப்படி சரியானது 1961 மே 1இல. அதுக்கு முதல் ஒளிச்சு மறைச்சு நடந்தது. குதிரைப் பாசை மட்டும் அதுக்கு எவ்வளவோ முதல் வீட்டுப் பேச்சுக்குள்ள பூந்திட்டுது. உம்மட வார்டிலயும் கேட்டிருப்பீர். "லோங் ஷொட்" எண்டால் நடக்கிறது கஷ்டம். "அவுற்சைட் சான்ஸ்" அதுக்குக் கொஞ்சம் மேல. "இன் வித் எ சான்ஸ்" எண்டால் நம்பிக்கை இருக்கு. "சேஃப் பெற்" எண்டால் பயமில்லை. "டெட் சேர்ற்" எண்டால் கட்டாயம் வெல்லும், ஆனா அந்தச் சொல்லைச் சனிக்கிழமை சனிக்கிழமை சொல்லிக்கொண்டு வந்த ஒருத்தர் ஒரு நாளும் வெண்டதை நான் காணேல்லை. வேடிக்கை என்னெண்டால் "ஃபற் சான்ஸ்" எண்டாலும் இல்லை, "ஸ்லிம் சான்ஸ்" எண்டாலும் கிட்டத்தட்ட இல்லை. கொழுத்ததும் மெலிஞ்சதும் ஒண்டு. கொழுத்தது நக்கல், மெலிஞ்சது துக்கம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இவை நூற்றுக்கு ஒண்டை இளக்காரமா நினைக்காததுக்கும் காரணம் இருக்கு. 1967இல கிராண்ட் நாஷனல் ஓட்டத்தில இருபத்தி மூண்டாம் வேலியில முன்னுக்குப் போன குதிரையள் ஒண்டோட ஒண்டு மோதிக் குவிஞ்சு போச்சு. ஃபொயினாவன் எண்டு 100/1 குதிரை ஒண்டு மிச்சம் பின்னால வந்தபடியால் விலத்திக்கொண்டு போய் வெண்டிட்டுது. அந்த வேலிக்கு இப்ப அதின்ர பேர்தான். நான் கடையில நிக்கேக்கயே 2016இல லெஸ்ரர் சிற்றி பிரீமியர் லீக்கை வெண்டது. சீசன் தொடங்கேக்க 5000/1. அந்தக் கிழமை கடைக்கு வந்த எல்லாரும் தாங்கள் ஒரு பவுண் வைக்க நினைச்சனாங்கள் எண்டு சொன்னவை. வைச்ச ஒருத்தரும் என்ர கடைப்பக்கம் இல்லை.

நீர் செய்ய வேண்டியது இதுதான். ஆராவது "ஷுட்" எண்டால் சிரிச்சுக்கொண்டு விலையைக் கேளும். "அவுற் ஒஃப் ரென்?", பத்துக்கு எத்தினை எண்டு. கோவிக்க மாட்டினம். பந்தயக்கார நாடு, நம்பர் சொல்லப் பிடிக்கும்.

நைட் ஷிஃப்ட் அக்கா:

தங்கச்சி, நான் தேனிக்காரி. வேல்ஸ்ல பத்தொம்பது வருஷமா வார்டுல இருக்கேன். அப்பு சொன்னதுல ஒண்ணைச் சேக்கணும். பந்தயக் கடையில மட்டுமில்ல, உயிர் விஷயம்னு வந்தா ஆஸ்பத்திரியும் வார்த்தையை விட்டுட்டு நம்பருக்குத்தான் போகுது. நோயாளி நிலைமைக்கு மார்க் போடுற நியூஸ் 2 சார்ட் தினமும் நிரப்புறியே, அது எதுக்கு? "ஹீ லுக்ஸ் எ பிட் அன்வெல்"னு ஒருத்தி சொன்னா அது எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது. ஏழுன்னு சொன்னா எல்லாரும் ஓடுவாங்க. 2017ல அதைத் திருத்தினப்போதான் புதுசா வர்ற குழப்பத்தையும் சேத்தாங்க. அதுக்கு மட்டுமே மூணு மார்க். அந்த அம்மாவுக்கு நீ அந்த மூணைப் போட்டு, ராத்திரியே டாக்டருக்கு பிளீப் (பேஜர்ல கூப்பிடுறது) பண்ணியிருந்தா, உன் "டவுட்"டை யாரும் படிக்கவே வேண்டி வந்திருக்காது. திட்டலை. எனக்கும் முதல் வருஷம் இப்படி ஒண்ணு நடந்தது, அதை இங்க எழுத மாட்டேன்.

அப்புறம், "சஸ்பெக்ட்"கூட வேணாம். நோட்ஸ்ல எப்படி எழுதுறாங்கன்னு பாத்ததில்லையா? முன்னாடி ஒரு கேள்விக்குறி, ஒட்டியே யூடிஐ, அதான் யூரின் தொற்று. வாயில சொல்றப்போ "க்வெரி யூடிஐ". அவ்வளவுதான். இருக்கலாம், பாருங்கன்னு அர்த்தம்.

மருந்துத் தாளையும் ஒருதடவை உத்துப் பாரு. பக்கவிளைவுல "காமன்"னு போட்டிருந்தா பத்துல ஒருத்தர் வரைக்கும், "அன்காமன்"னா நூறுல ஒருத்தர் வரைக்கும், "ரேர்"னா ஆயிரத்துல ஒருத்தர் வரைக்கும்னு கணக்கு இருக்கு. அது தெரியாத நோயாளி "காமன்"னு படிச்சதும் தனக்கு வந்தே தீரும்னு மாத்திரையை ஓரமா வச்சிருவாரு. அவரு இங்கிலீஷ்காரருதான், பொறந்ததுல இருந்து இங்கிலீஷ் பேசுறவரு. அதனால உனக்கு மட்டும்தான் புரியலன்னு நெனைக்காத.

பழைய பேப்பர்:

அக்கா சொன்னதற்கு ஒரு சாட்சி. 1951இல் அமெரிக்க உளவுத்துறை, யூகோஸ்லாவியா மேல் சோவியத் கூட்டாளிகள் அந்த வருடம் படையெடுப்பது "சீரியஸ் பாஸிபிலிட்டி" என்று அறிக்கை எழுதியது. அதைத் தயாரித்ததில் முக்கியமானவர் ஷெர்மன் கென்ட், யேல் பல்கலைக்கழகத்தில் வரலாறு நடத்தியவர். அறிக்கையைப் படித்த ஒரு அதிகாரி, அப்படியென்றால் எவ்வளவு என்று அவரிடம் பேச்சுவாக்கில் கேட்டார். நூற்றுக்கு 65 என்றார் கென்ட். அதிகாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் அதைவிட மிகவும் குறைவாக எடுத்துக்கொண்டிருந்தார். கென்ட் திரும்பிப் போய், அதே வரியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட சக ஊழியர்களைத் தனித்தனியாகக் கேட்டால், ஒருவர் 20 என்கிறார், இன்னொருவர் 80 என்கிறார். எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே சொல்லுக்குத் தலையாட்டியவர்கள்.

பிறகு அவர் ஒரு அட்டவணை போட்டார். "ப்ராபபிள்" என்றால் 75ஐ ஒட்டி, "ஆல்மோஸ்ட் சர்ட்டன்" என்றால் 93ஐ ஒட்டி, இப்படி. 1964இல் இதையெல்லாம் கட்டுரையாகவும் எழுதினார். சக ஊழியர்களில் பலர் கடைசிவரை அந்த அட்டவணைக்கு மசியவில்லை. சொல் கொஞ்சம் மங்கலாக இருந்தால்தான் பின்னால் தப்பிக்கலாம் என்பது அலுவலகத்தில் வேலை பார்த்த யாருக்கும் தெரியும். பாய்லர் கம்பெனிப் பெண்ணுக்கும்.

சும்மா வந்தவன்:

மேஸ்திரிகிட்ட "அவுட் ஆஃப் டென்" கேட்டேன். "பத்து நாள் ஆகும்"னுட்டார்.

வார்டுக்கிளி:

எல்லாருக்கும் நன்றி. அக்கா, நேத்து ராத்திரியே முதல் கேள்விக்குறியைப் போட்டாச்சு. பிளீப் பண்ணேன், அரை மணி நேரத்துல டாக்டர் வந்துட்டாங்க. சார், சிஸ்டர் இன்னிக்கு "யூ மைட் வாண்ட் டு"ன்னு ஆரம்பிச்சதுமே எழுந்து நடந்துட்டேன். அவங்க பாதியில நிறுத்திட்டாங்க. கடைசியில பாத்தா அவங்க சொல்ல வந்தது, வெளிய பனி கொட்டுது, நான் சீக்கிரம் கெளம்பினா நல்லதுன்னு.

அப்பு மாமா, பாய்லர் மறுபடி சத்தம் போடுது. போன் பண்ணேன். அதே பொண்ணுதான்னு நெனைக்கிறேன். "ஹீ ஷுட் பி வித் யூ டியூஸ்டே மார்னிங்"னா. நானும் சிரிச்சுட்டே "அவுட் ஆஃப் டென்?"னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சிரிச்சுட்டா. "பிட்வீன் யூ அண்ட் மீ, லவ்? சிக்ஸ்."

ஈஸ்ட்ஹாம் அப்பு:

ஆறெண்டால் 4/6. ஒட்ஸ் ஒன்தான், ஆனா இந்த விலைக்கு நான் எண்டால் லீவு போடமாட்டன். பக்கத்து வீட்டுக்காரியிட்டத் திறப்பைக் குடுத்துப்போட்டு வேலைக்குப் போம் பிள்ளை.